குளத்தருகே, லஸ் பக்கம், கடலோரம்: மயிலாப்பூரில் ஒரு பெரிய வாடகை வீடு

அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு இரண்டு வருடம் வேலூரில் தனியாகவே இருந்தார். எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "வர்றேன். ஆனா வேளச்சேரிக்கு இல்ல. மயிலாப்பூர்ல வீடு பாரு." அவர் பிறந்து வளர்ந்தது சித்திரக்குளம் பக்கம். கல்யாணமாகிக் கிளம்பி ஐம்பது வருடம் ஆகிறது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எங்கள் வேளச்சேரித் தெருவில் தண்ணீர் நின்ற கதையை நாங்களேதான் அவரிடம் போனில் சொல்லியிருந்தோம். அதனால் எதிர்வாதம் செய்ய வாயில்லை.

தேவை இதுதான்: மூன்று பெட்ரூம், நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்கு ஒரு சின்ன அறை, அம்மாவின் அறையை ஒட்டியே பாத்ரூம். வாடகை, மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,25,000 ரூபாய்க்குள். அம்மா தன் வேலூர் வீட்டை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தையும் இதில் போடுவதாகச் சொன்னார். எனவே தேர்வில் அவருக்கும் ஓட்டு உண்டு. நியாயமாகப் பார்த்தால் அவருக்கு இரண்டு ஓட்டு தரவேண்டும். நான் கிண்டிக்கும், மனைவி தரமணிக்கும், மகள் பள்ளிக்கும் போன பிறகு பகல் முழுக்க அந்த வீட்டில் இருக்கப் போவது அவர்தான். இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்க ஆறு வாரம் ஆனது.

ஆறு வாரத்தில் பதினோரு வீடு பார்த்தோம். இதே காசுக்கு ஓ.எம்.ஆரில் இருபதாவது மாடி, நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எல்லாம் கிடைக்கும் என்று ஒரு நண்பர் படம் அனுப்பினார். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. அங்க யாரு இருக்கா நமக்கு?" என்றார். அதோடு ஓ.எம்.ஆர் முடிந்தது. மயிலாப்பூரில் மூன்று வீடுகள் மிஞ்சின. மூன்றுமே கபாலீசுவரர் கோயிலிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டருக்குள் இருப்பவை.

பழைய வீட்டின் மாடி

முதல் வீடு, மாட வீதி ஒன்றிலிருந்து பிரியும் சந்தில் ஒரு பழைய வீட்டின் மேல்தளம். தொண்ணூறு வயதுக்கு மேல் ஆன வீடு என்றார்கள். வீட்டுக்காரர்கள் கீழே குடியிருக்கிறார்கள். மேலே 1,900 சதுர அடியைக் கணிசமாகச் செலவழித்துப் புதுப்பித்திருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் தரை, தேக்குக் கதவு, பதினோரு அடி உயரத்தில் மெட்ராஸ் டெரஸ் கூரை. வாடகை 85,000. மெயின்டனன்ஸ் கிடையாது.

அந்தக் கூரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேக்கு உத்திரங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, கோணவாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். நாங்கள் போனது மே மாதம், மதியம் மூன்று மணி. ஏசி இல்லாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச முடிந்தது. வேளச்சேரி ஃபிளாட்டில் அந்த நேரத்துக்குச் சுவரைத் தொடவே முடியாது.

ஆனால் அதே கூரையும் சுவரும் வாடகைக்கு வருபவரிடம் சில விஷயங்களைக் கேட்கின்றன. சுண்ணாம்புப் பூச்சில் டிரில் போட்டால் கையளவு உதிரும். அதனால் ஏற்கெனவே துளை போட்ட இரண்டு இடங்களில் மட்டும்தான் ஏசி மாட்டலாம். டிவியைக்கூடச் சுவரில் மாட்டக் கூடாது. விரிசலில் அரசங்கன்று முளைத்தால் உடனே எடுக்க வேண்டும், மழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் மேல்தளத்தைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று கேட்டேன். "நாங்க கீழதானே இருக்கோம், பாத்துக்கலாம்" என்ற பதில் வந்தது. அன்பான பதில்தான். ஒப்பந்தத்தில் எழுத முடியாத பதிலும்கூட.

அடுத்தது கரண்ட். மாடிக்குத் தனி இணைப்பு இல்லை, கீழ் வீட்டிலிருந்து இழுத்த சப் மீட்டர். யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றார்கள். தனி வீட்டு இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதன் பிறகு படிப்படியாக ஏறும். ஆயிரம் யூனிட்டைத் தாண்டிய பிறகுதான் யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகும். சப் மீட்டரிலோ முதல் யூனிட்டிலிருந்தே உச்ச விலை. போதாததற்கு அது சிங்கிள் ஃபேஸ். இரண்டு ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன். சிரித்தார்.

அப்புறம் தெரு. இங்கே வீட்டைவிடத் தெருவைத்தான் நாம் அதிகமாக வாடகைக்கு எடுக்கிறோம். பங்குனிப் பெருவிழா பத்து நாள். ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். அந்த இரண்டு நாளும் காரை எடுப்பது என்ற பேச்சே இல்லை, நடந்து வெளியே வருவதே ஒரு காரியம். தை மாதம் பூசத்தையொட்டி மூன்று நாள் தெப்பம். புரட்டாசியில் வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மைக் கடை. மார்கழியில் விடிவதற்கு முன்பே பஜனை கிளம்பிவிடும். பாபநாசம் சிவன் காலத்திலிருந்து நடக்கும் பஜனை அது. சாதாரண நாளிலும் தெற்கு மாட வீதியில் காலை ஆறு மணிக்கே காய்கறி வந்து இறங்கும். இந்த ஊரின் திருவிழாக்களைத் திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிலேயே வரிசையாக அடுக்கிப் பாடிவிட்டார். எனவே குடிவந்த பிறகு சத்தம் அதிகம் என்று யாரிடமும் புகார் சொல்ல முடியாது.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். மனைவிக்கும் பரவாயில்லை. பத்தாம் வகுப்புக்குப் போகப் போகும் மகள், பங்குனி உத்திரமும் பொதுத் தேர்வும் ஒரே சமயத்தில் வரும் என்பதைக் காலண்டரைக் காட்டி நிரூபித்தாள்.

கார் நிறுத்த இடம் இல்லை. மாடிக்கு 24 படி, லிஃப்ட் இல்லை. இந்த இரண்டையும் பார்த்த அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லஸ் பக்கம், தளத்துக்கு ஒரு வீடு

இரண்டாவது வீடு லஸ் சர்ச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில். போர்த்துகீசியர் 1516இல் கட்டிய பிரகாச மாதா கோயிலால் வந்த பெயர் அது. அவர்கள் மொழியில் லஸ் என்றால் ஒளி. ஒரு காலத்தில் உயர் நீதிமன்ற வக்கீல்கள் தோட்டத்தோடு பங்களா கட்டி வாழ்ந்த பகுதி. பிள்ளைகள், பேரன்கள் என்று பங்கு பிரிந்ததும் பில்டரோடு கூட்டாகச் சேர்ந்து இடித்துக் கட்டினார்கள். இங்கே இப்போது 'லக்சுரி' என்று விளம்பரம் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான்: கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலைந்து தளம், தளத்துக்கு ஒரே வீடு. ஏன் பத்து மாடி கட்டவில்லை என்று கேட்டால், 18.3 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டட விதிகள் வந்துவிடும். அதற்குக் குறைந்தது 12 மீட்டர் அகலச் சாலை வேண்டும். மயிலாப்பூரின் உள் தெருக்கள் அதற்கு எங்கே போகும்? அந்தக் குறுகல்தான் இந்தப் பகுதியை இன்னும் ஆள் முகம் தெரியும் அளவில் வைத்திருக்கிறது. கட்டடத்தில் மொத்தம் ஐந்து குடும்பம்.

2,450 சதுர அடி என்று புரோக்கர் சொன்னார். டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சுவருக்குள் நாம் புழங்கும் இடம் 1,760. மிச்சம் லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா ஆகியவற்றில் நம் பங்கு. சூப்பர் பில்ட் அப் என்ற பெயரில் இந்தக் கணக்கு ஊர் முழுக்க நடக்கிறது, இவர்கள் மட்டும் செய்வதில்லை. ஆனால் பழைய வீட்டுக்காரர் சொன்ன 1,900 அடி, அளந்தபோதும் 1,900 அடிதான். வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் டேப்பைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் புரோக்கரும் தடுக்க மாட்டார்.

வாடகை 1,15,000. மெயின்டனன்ஸ் 9,000. இரண்டு கார் பார்க்கிங், மூன்று ஃபேஸ் இணைப்பு, மெட்ரோ வாட்டர் லைன், போர்வெல், தண்ணீர் சேமிக்கப் பெரிய சம்ப். 2019 கோடையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டேன். ஓனரிடமோ புரோக்கரிடமோ இதைக் கேட்டுப் பயனில்லை. வாரத்துக்கு இரண்டு லாரி வாங்கினார்களாம், செலவை ஐந்து வீட்டுக்கும் பிரித்தார்களாம். உண்மையைச் சொன்னதே பெரிய விஷயம்.

குறை என்னவென்றால், உள்ளே ஒரு ஆன்மாவும் இல்லாத வீடு. மார்பிள் தரை, ஃபால்ஸ் சீலிங், ஒன்பதரை அடி உயரம், எங்கும் பார்த்த மாடுலர் கிச்சன். இந்த ஊரில்தான் இருக்கிறோம் என்பதற்கு ஜன்னல் வழியே தெரியும் ஒரு மாமரம் மட்டுமே சாட்சி. மேற்குப் பக்கப் படுக்கையறை மாலையில் கொதிக்கிறது. அதோடு மெட்ரோ ரயில் வேலை. மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் தடமும், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும் திருமயிலையில்தான் பூமிக்கடியில் சந்திக்கின்றன. வேலை முடியும் வரை தடுப்புகளும் மாற்றுப் பாதைகளும் இருக்கும். இன்று திறந்திருந்த வழி அடுத்த வாரம் மூடியிருக்கும். "மெட்ரோ வந்தா இந்த ஏரியா எங்கயோ போயிடும் சார்" என்று புரோக்கர் உற்சாகமாகச் சொன்னார். வீடு வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. வாடகைக்கு வருகிறவருக்கு, இரண்டு வருடம் தூசியைத் தின்றுவிட்டு, பலன் வரும் நேரத்தில் வாடகை ஏறும் என்று அர்த்தம். வருடாந்திர ஏற்றத்தை முதலிலேயே ஒப்பந்தத்தில் கட்டிப்போட வேண்டும் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

பக்கத்தில் நாகேஸ்வர ராவ் பூங்கா. அமிர்தாஞ்சனை நிறுவியவர் பெயரில் உள்ள பூங்கா அது. காலையில் நடப்பவர்களும் பெஞ்சில் பேப்பர் படிக்கும் பெரியவர்களுமாக இருக்கும். நாங்கள் வீடு பார்த்துவிட்டு வரும்வரை அம்மா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நாங்கள் திரும்பி வந்தபோது பக்கத்து பெஞ்ச் அம்மாளிடம் ஊர், பிள்ளை, மருமகள் வரை பேசி முடித்திருந்தார்.

கடலோரம்

மூன்றாவது சாந்தோம். நான்காவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, கண்ணுக்கு நேரே வங்காள விரிகுடா. ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம். போர்த்துகீசியர் கட்டிய பழைய கோயில் இருந்த இடத்தில் ஆங்கிலேயர் காலத்தில், 1890களில் எழுப்பியது இப்போதுள்ள கட்டடம். 2,700 சதுர அடி என்றார்கள், அளந்தால் 1,940. வாடகை 1,05,000, மெயின்டனன்ஸ் 11,000.

இந்த வீட்டைப் பார்த்ததும் நான் விழுந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் வீடு முழுக்கத் திரைச்சீலை பறக்கிறது. ஏசி எதற்கு என்று தோன்றியது. பிறகு பால்கனிக்கு வெளியே மாட்டியிருந்த ஏசி பெட்டியைப் பார்த்தேன். வாங்கி மூன்று வருடம் என்றார்கள், முப்பது வருடம் ஆனதுபோல் துரு. ஜன்னல் கீல்கள், கேட் தாழ்ப்பாள், வாஷிங் மெஷினின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் உப்பு வேலை செய்திருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்துதான் அடிக்கும். பால்கனிக் கதவின் அடியில் பழைய தண்ணீர்த் தடம் தெளிவாகத் தெரிந்தது. போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குளிக்க, துவைக்க, குடிக்க எல்லாவற்றுக்கும் மெட்ரோ வாட்டரையும் லாரியையும்தான் நம்ப வேண்டும். செமி ஃபர்னிஷ்ட் வீடு என்றால் இங்கே இன்னொரு கேள்வி உண்டு: ஓனரின் ஏசி துருப்பிடித்து நின்றால் மாற்றுவது யார்? எங்கள் சொந்த ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் என்ன ஆகும் என்பதை யாரிடமும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

பக்கத்திலேயே நொச்சிக்குப்பம். 2024இல் திறந்த மீன் அங்காடி லூப் சாலையில் இருக்கிறது. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வீட்டின் மதிப்பே வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரை பட்ட பாட்டை அம்மா மறக்கவில்லை. நான்காவது மாடிதானே என்று சொல்லிப் பார்த்தேன். "மாடி நாலாவதுதான். நான் கீழ நடந்து போகணுமே" என்றார்.

கச்சேரி ரோடு வழியாகக் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர்தான். வரைபடத்தில் லஸ் வீட்டைவிடப் பக்கம். ஆனால் அந்த ரோட்டில் நடைபாதை இருக்கும் இடத்தில் கடை இருக்கிறது, கடை இல்லாத இடத்தில் பைக் நிற்கிறது.

அவர்கள் எங்களைக் கேட்ட கேள்விகள்

வீட்டை நாம் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைப்பது மயிலாப்பூரில் கொஞ்சம் அப்பாவித்தனம். 'சைவம் மட்டும்' என்ற வரி டூலெட் பலகையிலேயே இருக்கும். எங்கள் வீட்டில் மகள் முட்டை சாப்பிடுவாள். ஒரு வீட்டில் இதைச் சொன்னதும், "வெளிய சாப்டுக்கட்டும், உள்ள வேண்டாம்" என்று தீர்ப்பு வந்தது. இன்னொரு வீட்டில் சொந்த ஊர், குலதெய்வம், தாத்தா பெயர் என்று சுற்றி வளைத்தார்கள். என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த வீட்டை நாங்களே கைவிட்டோம். என்னோடு வேலை செய்யும் இஸ்லாமிய நண்பருக்கு மாதம் ஒன்றரை லட்சம் தரத் தயாராக இருந்தும் இதே பகுதியில் இரண்டு வீடுகள் கைநழுவின. இரண்டு இடத்திலும் சொன்ன காரணம், "சொந்தக்காரங்க வர்றாங்க". கடைசியில் அவருக்குச் சாந்தோமில்தான் கிடைத்தது. பழைய பேட்டை என்று பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

எங்கள் மூன்று வீடுகளில் பழைய வீட்டுக்காரர்கள் அசைவம் கூடாது என்றார்கள், முட்டைக்குக் கண்டுகொள்ளவில்லை. லஸ் ஓனர் எதுவும் கேட்கவில்லை, சம்பளச் சீட்டு மட்டும் கேட்டார். சாந்தோம் ஓனர் அமெரிக்காவில். அவருடைய கவலை வேறு.

கணக்கு

அந்தக் கவலை என்னவென்றால் டிடிஎஸ். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், வாடகைக்கு இருக்கும் தனிநபரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் முதல் அது 2 சதவீதம், முன்பு 5. இந்தியாவில் குடியிருக்கும் ஓனர் என்றால் எளிது: நிதியாண்டு முடிவில் ஒரே தடவை, அவருடைய பான் எண்ணோடு கட்டிவிடலாம். லஸ் வீட்டுக்கு வருடம் 27,600 ரூபாய் வரும். அது நம் கைக்காசு இல்லை, வாடகையிலிருந்து பிடிப்பது.

ஓனர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கதையே மாறுகிறது. ஒவ்வொரு மாதமும், செஸ் சேர்த்து 31.2 சதவீதம். 1,05,000 வாடகையில் 32,760 ரூபாயை நாம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்காகவே வரி பிடிப்பவருக்கான டான் எண் எடுக்க வேண்டும், காலாண்டுக்கு ஒரு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பிடிக்காமல் விட்டால் பின்னால் நோட்டீஸ் வருவது நமக்கு. சாந்தோம் ஓனர், "என் அண்ணன் கணக்குல போட்டுருங்க, டிடிஎஸ் எல்லாம் வேண்டாம்" என்றார். அந்த இடத்தில் கடற்காற்று கொஞ்சம் நின்றது.

அட்வான்ஸுக்கு வருவோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்' என்ற வாசல் வழியாகத்தான் சென்னை இன்னும் போய் வருகிறது. பழைய வீட்டில் 10 மாதம், அதாவது எட்டரை லட்சம். லஸ்ஸில் 5 மாதம், சாந்தோமில் 6. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தானே என்று விட்டுவிடக் கூடாது. எட்டரை லட்சத்துக்கு 7 சதவீத வட்டி போட்டால் மாதம் ஏறத்தாழ 5,000. ஆகவே பழைய வீட்டின் உண்மை வாடகை 85,000 இல்லை, 90,000. அதே கணக்கில் லஸ் வீட்டுக்கு 3,350 கூடும், சாந்தோமுக்கு 3,700 அளவுக்குக் கூடும்.

வட்டியையும் மெயின்டனன்ஸையும் சேர்த்து, டேப் அளவால் வகுத்துப் பார்த்தால் பழைய வீடு சதுர அடிக்கு 47 ரூபாய், சாந்தோம் 62, லஸ் 72. மூன்றில் விலை கூடியது லஸ்தான், அதில் சந்தேகம் இல்லை. பட்ஜெட்டில் வட்டிக்கும் இடம் கொடுத்தால் அது இரண்டாயிரத்துச் சொச்சம் மீறவும் செய்கிறது.

இன்னொரு செலவைப் பலரும் காலி செய்யும் அன்றுதான் கண்டுபிடிப்பார்கள்: பெயிண்டிங். ஒரு மாத வாடகையைப் பிடிப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. இதற்கு முன் இருந்த ஒரு வீட்டில் எங்களிடம் இரண்டு மாதம் பிடித்தார்கள். சுவரில் மகள் வரைந்த யானை ஒன்றைத் தவிர வேறு சேதம் இல்லை. மாதம் 25,000 வாடகையில் அது வெறும் எரிச்சல். லட்ச ரூபாய் வாடகையில் யோசித்துப் பாருங்கள்.

அம்மா சொன்னது

என் மனசு சாந்தோமில் தொடங்கி, டிடிஎஸ்ஸில் அடிபட்டு, பழைய வீட்டில் போய் நின்றது. மலிவு, அழகு, அம்மா பிறந்த இடத்துக்குப் பக்கம். இதற்குமேல் என்ன வேண்டும்? கார் இல்லாமல் சமாளிக்கலாம், சப் மீட்டர் விலையைப் பேசிக் குறைக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டாவது தடவை போனேன். கீழ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்கார அம்மாளோடு பேசி, இரண்டு பொது உறவினர்களைக் கண்டுபிடித்தார். கைப்பிடியைப் பிடித்து மெல்ல மாடி ஏறினார். கூரையைப் பார்த்து, "எங்க வீடும் இப்படித்தான் இருந்துது" என்றார். வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது சொன்னார்: "அந்த வீடு வேண்டாம்பா."

ஏன் என்று கேட்டேன்.

"இறங்கினா திரும்ப ஏறணும். ஏறணுமேன்னு நினைச்சே இறங்க மாட்டேன். கோயிலுக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு ஜன்னல்ல நின்னு கோபுரத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். அதுக்கு வேலூர்லயே இருந்திருக்கலாம்."

கிலோமீட்டரில் அளந்துகொண்டிருந்த நான் படிகளை எண்ணியிருக்க வேண்டும். லஸ் வீட்டில் அவர் லிஃப்டில் இறங்கலாம், தெருவில் இருபது வீடு தாண்டினால் பூங்கா, கேட்டில் ஆட்டோ பிடித்தால் ஐந்தாறு நிமிடத்தில் சன்னதித் தெரு. டிசம்பர் கச்சேரி சீசனில் சபாக்களும் பக்கம். அம்மா அதோடு ஒரு கேள்வியும் வைத்திருந்தார்: "கரண்ட் போனா லிஃப்ட் ஓடுமா?" ஆறு வாரத்தில் நான் கேட்காத கேள்வி. மறுநாள் போய்க் கேட்டேன். ஜெனரேட்டர் பேக்கப் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் பொது விளக்குகளுக்கும். வீட்டுக்குள் ஃபேன், லைட் மட்டும் ஓடும், ஏசி ஓடாது. எங்களுக்கு அது போதும். வாட்ச்மேனிடம் சொல்லி மெயினை அணைத்துப் பார்த்தேன். பதினெட்டு வினாடியில் லிஃப்ட் எழுந்தது.

ஆகவே மூன்றில் விலை கூடியதும் முகம் இல்லாததுமான வீட்டையே எடுத்தோம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இல்லை, காரும் இல்லை, பகலில் வீட்டில் இருக்கப் போவது நீங்களே என்றால், கண்ணை மூடிக்கொண்டு பழைய வீட்டின் மாடியை எடுங்கள் என்பேன், தனி மீட்டர் வாங்கித் தரச் சொல்லிவிட்டு. சாந்தோமை, உள்ளூர் ஓனரும் கொஞ்சம் பழைய ஃபர்னிச்சரும் இருப்பவர்களுக்குச் சொல்வேன்.

பேரம் பேசியதில் வாடகை 1,12,000க்கு இறங்கியது. பட்ஜெட் தப்பித்தது. ஒப்பந்தத்தில் நாலு விஷயங்களை எழுத வைத்தேன்: வருட ஏற்றம் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, பெயிண்டிங்குக்கு 40,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, பார்க்கிங் இடங்களின் எண், ஜெனரேட்டரில் எது எது ஓடும் என்ற பட்டியல். சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவும் செய்தோம். பதினோரு மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டியதில்லை என்று புரோக்கர் சொன்னதைக் கேட்காதீர்கள். அது பழைய சட்டத்துக் கதை.

குடிவந்து மூன்றாம் நாள் அம்மா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கேட்டால், அந்தப் பழைய வீட்டு அம்மாள்தான். பங்குனியில் தேரும் அறுபத்துமூவரும் வரும் இரண்டு நாள் அவர்கள் திண்ணையில் ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறாராம்.